நாடும் நாடும் மோதும் ஆட்டத்துக்கு ஏன் கூட்டம் வரவில்லை? ரக்பி லீக் பற்றி ஓர் எளிய விளக்கம்

2018 ஜூன் 23, சனிக்கிழமை. அமெரிக்காவின் டென்வர் நகரில் மைல் ஹை என்றொரு பிரம்மாண்டமான மைதானம். 76,000 பேர் உட்காரலாம். அன்று அங்கே இங்கிலாந்தும் நியூசிலாந்தும் ரக்பி லீக் ஆடின. இந்த விளையாட்டில் ஆஸ்திரேலியாவுக்கு அடுத்து எல்லோரும் சொல்கிற பெயர்கள் இவை இரண்டும்தான். ஆட்டமும் நன்றாகவே இருந்தது; இங்கிலாந்து 36-18 என்று வென்றது. வந்திருந்தவர்கள் 19,320 பேர். நான்கு நாற்காலிக்கு ஒன்றில்தான் ஆள் இருந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சிட்னியில் அதே விளையாட்டில் இன்னோர் ஆட்டம். மோதியவை நாடுகள்கூட இல்லை. ஆஸ்திரேலியாவுக்குள் இருக்கும் இரண்டு மாநிலங்கள், நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும். அதைப் பார்க்க 80,000 பேருக்கு மேல் வந்தார்கள்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது தலைகீழாகத் தெரியும். நாட்டுக்காக ஆடுவதுதான் உச்சம், ஆகவே அதற்குத்தான் பெரிய கூட்டம் என்பது நம் மனக்கணக்கு. ரக்பி லீக்கில் அந்தக் கணக்கு ஏன் தப்பிப்போகிறது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் விளையாட்டைக் கொஞ்சம் அறிமுகப்படுத்திக்கொள்வோம். ரக்பியில் இரண்டு வகை உண்டு. கண்டியிலும் கொழும்பிலும் பள்ளிகள் ஆடுவது, ராயல் கல்லூரியும் டிரினிட்டி கல்லூரியும் பிராட்பி கேடயத்துக்காக மோதுவது எல்லாம் ரக்பி யூனியன். அணிக்கு 15 பேர். நாம் பேசுவது ரக்பி லீக். அணிக்கு 13 பேர். 1895-ல் வட இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரில் ஒரு ஓட்டலில் கூடிய கிளப்புகள் தாய்ச் சங்கத்திலிருந்து பிரிந்து வந்ததில் பிறந்தது இது. சண்டை கூலியைப் பற்றியது. சனிக்கிழமை ஆட வந்தால் சுரங்கத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் அன்றைய சம்பளம் போய்விடும். அந்த இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்றன வடக்குக் கிளப்புகள். முடியாது என்றது தெற்கு. உழைப்பாளிகளின் விளையாட்டு என்ற அடையாளம் இன்றுவரை அதன் மேல் ஒட்டியிருக்கிறது.

ஆடுவது எப்படி? பந்தை வைத்திருக்கும் அணி ஆறு முறை பிடிபடலாம். ஒவ்வொரு முறை பிடிபட்டதும் பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டு மறுபடி முன்னேற வேண்டும். ஆறாவது பிடியோடு பந்து எதிரணிக்குப் போய்விடும். ஓடிவரும் ஒருவனை மூன்று பேர் சேர்ந்து மடக்குவதைக் கபடியில் ரசித்தவர்களுக்கு இந்த ஆட்டம் பத்து நிமிஷத்தில் பிடிபடும்.

இன்னொரு சொல்லையும் தெரிந்துகொள்ள வேண்டும். நாடுகள் மோதும் ஆட்டத்தை இங்கேயும் ‘டெஸ்ட்’ என்றுதான் சொல்வார்கள். ஐந்து நாள் எல்லாம் இல்லை, 80 நிமிஷம்தான்.

சரி, இனி கூட்டத்துக்கு வருவோம். ரக்பி லீக் உலகமெங்கும் பரவிய விளையாட்டு அல்ல. ஆனால் வேர் பிடித்த இடங்களில் அது ஆழமாக இருக்கிறது. இங்கிலாந்தில் ஹல் முதல் லிவர்பூல் பக்கம் வரை போகும் எம்62 நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்கள்: லீட்ஸ், ஹட்டர்ஸ்ஃபீல்டு, விகன், வாரிங்டன், செயின்ட் ஹெலன்ஸ். ஆஸ்திரேலியாவில் சிட்னியும் பிரிஸ்பனும். பிறகு ஆக்லாந்து, டோங்கா, சமோவா, ஃபிஜி, பப்புவா நியூ கினி, பிரான்சின் தென்கோடி. இந்த ஊர்களில் ஒருவர் தன் கிளப்பைத் தாத்தாவிடமிருந்து வாங்கிக்கொள்கிறார். விகன்காரருக்கு விகன் அணிதான் முதல் காதல். இங்கிலாந்து அணி வருஷத்தில் இரண்டு மூன்று முறை வந்துபோகும் விருந்தாளி.

கிளப்புக்கு இருக்கும் வசதிகளைப் பாருங்கள். வருஷம் முழுக்க டிக்கெட் வாங்கி வைத்திருக்கும் சந்தாதாரர்களின் பட்டியல் அதன் கையில் இருக்கிறது. வீரர்கள் உள்ளூர்ப் பள்ளிகளுக்குப் போகிறார்கள். உள்ளூர்ப் பத்திரிகை தினமும் எழுதுகிறது. அடுத்த ஆட்டம் எப்போது என்பது கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். தேசிய அணிக்கு இதில் எதுவும் கிடையாது. அதை நடத்தும் சங்கம் சின்னது, பணம் குறைவு, வீரர்கள் சேர்ந்திருப்பதே சில வாரம். ஆக ஒவ்வொரு சர்வதேச ஆட்டத்துக்கும் கூட்டத்தைத் தேடும் வேலை பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறது. விளம்பரம் பலவீனமாக இருக்கிறது என்று ரசிகர்கள் குறைப்படும்போது முக்கால்வாசி இதைத்தான் சொல்கிறார்கள். போஸ்டர் போதவில்லை என்பதைவிட, விளம்பரத்தைத் தாங்கி நிற்கும் அஸ்திவாரமே இல்லை என்பதுதான் பிரச்சினை.

அடுத்தது நாட்காட்டி. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய காரணம் இதுதான். நம் ஊரில் தேர் எந்த மாதம், எந்த நட்சத்திரத்தில் ஓடும் என்று நோட்டீஸ் ஒட்டாமலே எல்லோருக்கும் தெரியும். வெளியூரில் இருப்பவர்கள் அதற்கேற்ப லீவு போடுகிறார்கள். சிட்னியில் 80,000 பேரைக் கூட்டிய அந்த மாநில மோதல், ‘ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்’, அப்படிப்பட்டது. இப்போதைய விதிப்படி 1980-ல் தொடங்கியது. ஆடுகிறவர் எந்தக் கிளப்பில் இருந்தாலும் தான் உருவான மாநிலத்துக்காக ஆட வேண்டும். வருஷத்துக்கு மூன்று ஆட்டம், ஆஸ்திரேலியக் குளிர்காலத்தில். தவறுவதில்லை.

சர்வதேச ஆட்டங்களுக்கு அப்படி ஒரு நிலையான நாள் இல்லை. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா இரண்டிலுமே கிளப் சீசன் அக்டோபரில் முடிகிறது. அதன் பிறகு களைத்துப்போன வீரர்களை வைத்து, இங்கிலாந்தில் குளிர் இறங்கும் நேரத்தில் சில ஆட்டங்கள். சில வருஷம் அதுவும் இல்லை. இங்கிலாந்துப் பக்கமும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் தொடர் (கிரிக்கெட்டைப் போலவே ரக்பி லீக்குக்கும் ஓர் ஆஷஸ் உண்டு) 2003-க்குப் பிறகு 2025 வரை நடக்கவே இல்லை. 2020-க்குத் திட்டமிட்டிருந்ததைக் கொரோனா கொண்டுபோனது. உலகச் சாம்பியனான ஆஸ்திரேலிய ஆண்கள் அணி 2019 நவம்பர் தொடங்கி 2022 அக்டோபர் வரை ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 2003-ல் பத்து வயதுப் பையனாக ஆஷஸ் பார்த்த ஒருவனுக்கு அடுத்தது வரும்போது 32 வயது. இடையில் அவனுக்குள் அந்தப் பழக்கம் எப்படி உயிரோடு இருக்கும்? பெருமைக்குரிய ஒன்றை இப்படிக் காயவிட்டதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. யூனியனுக்கு உலகக் கோப்பை வந்தது 1987-ல்தான். லீக் 1954-லேயே பிரான்சில் நடத்திவிட்டது. முன்னால் ஓடியவர்கள் இவர்கள்.

நாட்காட்டி ஏன் இப்படி? வீரருக்குச் சம்பளம் கொடுப்பது கிளப். நாட்டுக்காக ஆடும்போது அடிபட்டால் நஷ்டம் கிளப்புக்கு. ஆஸ்திரேலியாவின் முதன்மைக் கிளப் போட்டி என்ஆர்எல். அதில் ஆடும் கிளப்புகளிடம்தான் பணமும் இருக்கிறது, நல்ல வீரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மனதோடு சம்மதிக்காமல் எந்தச் சர்வதேச ஆட்டமும் உருப்படியாக நடக்காது.

இதை வைத்துக்கொண்டு டென்வருக்குத் திரும்பிப் போவோம். அந்த ஆட்டம் ஒரு தனியார் ஏற்பாட்டாளரின் முயற்சி. அமெரிக்காவில் இந்த விளையாட்டுக்கு ஒரு வாசல் திறக்க வேண்டும், மூன்று வருஷம் தொடர்ந்து ஆட்டம் நடத்த வேண்டும், 2025 உலகக் கோப்பையையே வட அமெரிக்காவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது திட்டம். ஆசை பெரியது, தப்பில்லை. ஆனால் என்ஆர்எல் கிளப்புகள் எதிர்த்தன. சீசன் நடுவில் நீண்ட விமானப் பயணம். ஊர் கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது, அதனால்தான் மைதானத்துக்கே அந்தப் பெயர். ஆடிவிட்டுத் திரும்பியதும் கிளப்புக்கு ஆட வேண்டும், வீரர்களின் உடம்பு என்ன ஆவது என்றார்கள். இந்த வாக்குவாதம் ஆட்டம் நெருங்கும்வரை ஓடியது. நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் இருக்கும்போது யார் விமான டிக்கெட் எடுப்பார்? யார் வருவார்கள் என்றே உறுதியில்லாதபோது போஸ்டரில் யார் முகத்தைப் போடுவது?

நேரமும் பாதகமாக அமைந்தது. டென்வரில் வெயில் காயும் மதியத்தில் தொடங்கினால் இங்கிலாந்தில் இரவு, டிவிக்கு வசதி. டிவியில் பார்ப்பவருக்கு ஏற்ற நேரம், மைதானத்துக்கு வருபவருக்கு ஏற்ற நேரமாக இருப்பதில்லை. போதாததற்கு ரஷ்யாவில் கால்பந்து உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. இங்கிலாந்து அணிக்கு மறுநாளே பனாமாவுடன் ஆட்டம். ஒரு நாட்டின் கவனம் முழுக்க அங்கே இருந்தது.

இதில் எனக்கு மிகவும் உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. டென்வரில் ரக்பி தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. அந்த நகரம் சுற்றி வளைத்த கிளெண்டேல் என்ற குட்டி ஊர், ரக்பிக்கென்றே நகராட்சிப் பணத்தில் ஒரு மைதானம் கட்டி வைத்திருக்கிறது. ஆனால் அது யூனியன் ஊர். 2014-ல் சிகாகோவில் நியூசிலாந்தின் யூனியன் அணியான ஆல் பிளாக்ஸ் அமெரிக்காவுடன் ஆடியபோது 61,500 பேர் வந்தார்கள். அந்தப் பெயருக்கு நூறு வருஷப் புகழ் இருக்கிறது, எதிரே ஆடியதும் சொந்த நாடு. டென்வரில் ஆடியவை இரண்டுமே வெளிநாடு. ஒரு டென்வர்க்காரர் அன்று யாருக்காகக் கைதட்டுவது?

ஆனாலும் 19,320 என்பதை அவமானமாகப் பார்க்க நான் தயாரில்லை. 1987-ல் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் அணிகளையே கொண்டுபோய்க் காட்டியபோது 12,000 சொச்சம் பேர்தான் வந்தார்கள். டென்வர் புறநகரில் உள்ளூர்க் கால்பந்து அணிக்கு ஒரு மைதானம் இருக்கிறது. கொள்ளளவு சுமார் 18,000. அதே ஆட்டத்தை அங்கே வைத்திருந்தால் டிக்கெட் கிடைக்காமல் ஆயிரம் பேர் திரும்பிப் போயிருப்பார்கள். கிடைக்காத டிக்கெட்டைப் போல விளம்பரம் வேறில்லை. 76,000 நாற்காலிக்கு நடுவில் அதே கூட்டம் கரைந்துபோனது. டிவியில் பார்த்தவர்கள் கண்ணில் பட்டது வந்தவர்கள் அல்ல, வராதவர்கள். அதன் பிறகு அங்கே இரண்டாம் ஆட்டம் நடக்கவில்லை. வட அமெரிக்க உலகக் கோப்பைத் திட்டம் அந்த வருஷ முடிவிலேயே கைவிடப்பட்டது. அந்த உலகக் கோப்பை பிரான்சுக்குப் போனது, பிரான்சும் 2023-ல் விலகியது, கடைசியில் 2026-க்குத் தள்ளி ஆஸ்திரேலியாவிடம் வந்து சேர்ந்தது.

மைதானத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுப்பது பழைய நோய். 1908-ல் ஆஸ்திரேலிய அணி முதன்முதலாக இங்கிலாந்து வந்தபோது முதல் டெஸ்ட்டை லண்டனில் வைத்தார்கள். விளையாட்டின் வீடு வடக்கில் இருக்க, தலைநகரில் வைத்தால் பெயர் கிடைக்கும் என்ற ஆசை. ஏறக்குறைய 2,000 பேர் வந்தார்கள். 2000-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் அதே ஆசை மறுபடி. தொடக்க ஆட்டமான இங்கிலாந்து-ஆஸ்திரேலியா மோதலை லண்டனின் டுவிக்கன்ஹமில், அதாவது யூனியனின் தலைமையிடத்தில் வைத்தார்கள். வந்தது 33,758 பேர். மைதானத்தில் பாதிகூட இல்லை. அந்த அக்டோபரில் மழையும் வெள்ளமும். ஹாட்ஃபீல்டு ரயில் விபத்துக்குப் பிறகு நாடு முழுக்க ரயில்கள் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தன. வடக்கிலிருந்து வர வேண்டியவர்கள் எப்படி வருவார்கள்? லீக் வாசனையே இல்லாத ரெடிங்கில் நியூசிலாந்தும் குக் தீவுகளும் ஆடியதைப் பார்க்க 3,982 பேர். ஹல் நகரில் ஆஸ்திரேலியா ரஷ்யாவை 110-4 என்று நொறுக்கியபோது 3,044 பேர். ஹல் லீக் ரத்தம் ஓடும் ஊர். அங்கேயே இந்த நிலை என்றால் காரணம் வேறு. முடிவு முன்பே தெரிந்த ஆட்டத்துக்குக் காசு கொடுக்க மக்கள் விரும்புவதில்லை. அடுத்த உலகக் கோப்பைக்கு எட்டு வருஷம் ஆனது.

2013-ல் இங்கிலாந்து மறுபடி நடத்தியபோது பாடம் படித்திருந்தார்கள் என்று தெரிந்தது. சின்ன ஆட்டங்களைச் சின்ன ஊர்களுக்குக் கொடுத்தார்கள். கம்ப்ரியாவின் வர்க்கிங்டன் சுமார் 25,000 பேர் வாழும் கடலோரத் தொழில் நகரம். அங்கே செவ்வாய்க்கிழமை இரவில் டோங்காவும் ஸ்காட்லாந்தும் ஆடியதைப் பார்க்க 7,600-க்கு மேல் வந்தார்கள். ஊருக்கே ஒரு உலகக் கோப்பை ஆட்டம் வந்திருக்கிறது என்ற பெருமை. இறுதி ஆட்டத்துக்கு மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டில் 74,468 பேர். நாடுகள் மோதிய லீக் ஆட்டங்களில் அதுவரை அவ்வளவு கூட்டம் கூடியதே இல்லை.

கொரோனாவால் தள்ளிப்போய் 2022-ல் நடந்த உலகக் கோப்பையில் நல்லதும் கெட்டதும் கலந்து வந்தன. நியூகாசிலில் தொடக்க ஆட்டத்துக்கு 43,000-க்கு மேல் கூட்டம். ஆனால் ஆஸ்திரேலியாவும் லெபனானும் ஆடிய காலிறுதிக்கு, இந்த விளையாட்டு பிறந்த ஹட்டர்ஸ்ஃபீல்டிலேயே 8,206 பேர்தான். டிக்கெட் விலை அதிகம் என்ற குறை தொடர் முழுக்கக் கேட்டது. விலை விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதலில் விலையை ஏற்றி வைத்துவிட்டு, விற்கவில்லை என்றதும் கடைசி வாரத்தில் பாதி விலைக்கோ ஓசியிலோ கொடுத்தால் அன்றைக்கு நாற்காலி நிரம்பும். ஆனால் முன்கூட்டியே முழு விலை கொடுத்தவர் அடுத்த முறை முன்கூட்டி வாங்க மாட்டார். கடைசி வாரம்வரை காத்திருப்பார். முன்பதிவு மெதுவாக இருந்தால் ஏற்பாட்டாளருக்குப் பயம் வரும், விளம்பரச் செலவைக் குறைப்பார். அப்புறம் கூட்டம் இன்னும் குறையும்.

இதற்கு நேர் எதிராக ஒரு கதை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. 2017 உலகக் கோப்பைக்குச் சற்று முன்பு ஜேசன் டௌமலோலோ என்ற வீரர், நியூசிலாந்துக்கு ஆட வாய்ப்பிருந்தும் தன் பெற்றோரின் மண்ணான டோங்காவுக்கு ஆடுவேன் என்று முடிவெடுத்தார். ஆண்ட்ரூ ஃபிஃபிடாவும் ஆஸ்திரேலியாவை விட்டு டோங்காவுக்கு வந்தார். மக்கள்தொகை ஒரு லட்சத்தைச் சுற்றி இருக்கும் தீவு நாடு அது. ஆக்லாந்தில் வாழும் டோங்கர்கள் சிவப்புக் கொடிகளைக் கார்களில் கட்டிக்கொண்டு ஓட்டாஹுஹு தெருக்களை நிரப்பினார்கள். ஹாமில்டனில் டோங்கா நியூசிலாந்தை 28-22 என்று வென்றது. அரையிறுதியில் இங்கிலாந்தோடு ஆடியபோது ஆக்லாந்தின் மவுண்ட் ஸ்மார்ட் மைதானத்தில் 30,003 பேர், எங்கும் சிவப்பு. 2019-ல் ஈடன் பார்க்கில் ஆஸ்திரேலியாவையே 16-12 என்று தோற்கடித்தார்கள். அந்தக் கூட்டத்தை எந்த விளம்பரக் கம்பெனியும் கூட்டிவரவில்லை. தேவாலயத்திலும் சமையலறையிலும் பேசிப் பேசிச் சேர்ந்த கூட்டம்.

பப்புவா நியூ கினியிலும் அப்படித்தான். இதைத் தேசிய விளையாட்டாகவே கொண்டாடும் நாடு அது. 2017-ல் போர்ட் மோர்ஸ்பியில் நடந்த மூன்று ஆட்டங்களும் 14,800 பேரோடு நிரம்பி வழிந்தன. சிறிய மைதானம்தான். ஆனால் டிவியில் அது கடல் மாதிரித் தெரிந்தது.

கடைசியாக ஒன்று. 22 வருஷம் கழித்து 2025 அக்டோபரில் ஆஷஸ் திரும்பி வந்தது. தேதியும் மைதானங்களும் பல மாதம் முன்பே சொல்லப்பட்டன. வெம்பிளியில் முதல் டெஸ்ட்டுக்கு 60,000-க்கு மேல் வந்தார்கள். லிவர்பூலில் எவர்டன் கிளப்பின் புது மைதானத்தில் இரண்டாவதுக்கு 52,000-க்கு மேல். இரண்டிலும் இங்கிலாந்து தோற்றது, தொடர் கைவிட்டுப் போனது. மூன்றாவது டெஸ்ட் லீட்ஸ் நகரின் ஹெடிங்லியில். வெல்வதற்கு இனி எதுவும் இல்லை. வந்தவர்கள் ஏறக்குறைய 19,500 பேர், டென்வரில் வந்த அதே அளவு. ஹெடிங்லியில் அன்று ஒரு டிக்கெட்கூட மிச்சம் இல்லை.